ஹெட்ஃபோனுக்கு முன் காது

மகனே,

நலம், நலமறிய அவா என்று தொடங்கும் வழக்கத்தை இம்முறை விட்டுவிடுகிறேன். உன் நலத்தைப் பற்றித்தான் இப்போது நமக்குள் வழக்கு. அதை முதல் வரியிலேயே தீர்ந்துபோன விஷயமாக எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூர் பஸ் ஏறிப் போன பிறகு இரண்டு முறை வீட்டுக்குப் பேசினாயாம். இரண்டு முறையும் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதானாம்: "அப்பா அந்தப் பேப்பரையெல்லாம் படிச்சாராம்மா? எந்த ஹெட்ஃபோனை வாங்கச் சொல்றாரு?" தொலைபேசியில் வரும் குரலை என் காது ஏற்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அம்மாவை நடுவில் நிறுத்திப் பேசவும் நான் விரும்பவில்லை. நான் கோபமாகச் சொல்வதை அவள் பாசமாக மாற்றி உனக்குச் சொல்லிவிடுவாள். ஆகவே எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டு, இதன் நகல் ஒன்றை எங்கள் ஆலை ஊழியர் சங்கத்து மலருக்கும் கொடுக்கப்போகிறேன். அவர்கள் என்னிடம் கட்டுரை கேட்டு வெகுநாளாகிறது. காதில் ஒயர் தொங்காத பிள்ளை இன்று வடமதுரைப் பக்கம் எந்த வீட்டிலும் இல்லை என்பதால், இது உன்னோடு மட்டும் முடிகிற பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

மலரைப் படிக்கப்போகிறவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் பஞ்சாலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்று, வடமதுரைச் சாலையில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவன். தொண்ணூறுகளின் பாதிக்குள் என் வலது காது போயிற்று. இடது காது அரைகுறையாக, ஒரு கருவியின் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாய். ஈஸ்டர் கழிந்து உனக்கும் செம்பட்டி அமலிக்கும் திருமணம். அதன் பிறகு கம்பெனி உன்னை ஜெர்மனிக்கு அனுப்புகிறது. அமெரிக்காவிலிருந்து திரும்பும் உன் நண்பன், சுற்றுப்புற இரைச்சலை நீக்கும் ஹெட்ஃபோன் ஒன்றை உனக்கு வாங்கிவரச் சம்மதித்திருக்கிறான். எந்த மாடல் என்று இந்த வாரத்துக்குள் அவனுக்குச் சொல்ல வேண்டும். அதற்காக இணையத்திலிருந்து ஒரு கட்டுத் தாளை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாய். மாதக்கணக்காக நீ அதைப் படித்துக்கொண்டே இருக்கிறாய். ஒரு பெண்ணைப் பார்த்து அரை நாளில் சம்மதம் சொன்னவன், காதில் மாட்டும் ஒரு பொருளுக்கு முன்னால் இப்படித் திகைத்து நிற்பது எனக்கு விளங்கவில்லை.

இருந்தாலும் படித்தேன். ஒவ்வொரு தாளையும் படித்தேன். படித்ததும் எனக்கு வந்த முதல் கோபம், நீ அவற்றைச் சரியாகப் படிக்கவே இல்லை என்பதுதான். எதற்காக இது என்று சனிக்கிழமை உன்னைக் கேட்டேன். "ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் நிறுத்தாமப் பேசுறான்ப்பா. அவன் வாயை அடைக்க முடியாது, என் காதையாவது அடைச்சுக்கிறேன்" என்றாய். இந்தக் கருவி அதைச் செய்யாது. இதன் வெளிப்புறத்தில் சின்ன மைக் இருக்கிறது. அது வெளிச்சத்தத்தை வாங்குகிறது. உள்ளே உள்ள மின்சுற்று அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி உன் காதருகே விடுகிறது. இரண்டும் மோதி ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. ஒரே சீராக, தாழ்ந்த சுருதியில் இரைந்துகொண்டிருக்கும் சத்தத்திடம்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். விமான எஞ்சின், பஸ் எஞ்சின், ஏசி போன்றவை. மனிதப் பேச்சு சீராக இருப்பதில்லை. நொடிக்கு நொடி மாறுகிறது. குழந்தை அழுகையும் தொலைபேசி மணியும் அப்படியே. அவற்றை இந்தக் கருவி ஏறக்குறைய விட்டுவிடும். ஏசி இரைச்சல் போனபின் உன் பக்கத்து சீட்டுக்காரன் மச்சினனோடு போடும் சண்டை இன்னும் துலக்கமாக, ஒரு சொல் சிந்தாமல் உனக்குக் கேட்கும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. நூல் முறுக்கும் எங்கள் ரிங் ஃப்ரேம் ஷெட்டில் இயந்திரங்கள் எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஒருநாள் திடீரென்று கரண்ட் போயிற்று. நூல் சுற்றும் கதிர்கள் சுழன்று ஓய்ந்து ஷெட் முழுக்க நிசப்தமாகிற வேளையில், மூலையில் ஒருவன் வழக்கமான தன் கத்தலிலேயே பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "மாஸ்டரு இன்னைக்கு வீட்டுல பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்துருக்காருடா, அதான் நம்மகிட்ட குதிக்கிறாரு." ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. எனக்கும் அப்போது காது இருந்தது. அவன் அன்று பேசிய பேச்சு அதற்கு முன்பும் தினம் பேசியதாகத்தான் இருக்கும். இரைச்சல் அதை மூடி வைத்திருந்தது. நீ விலைகொடுத்து அந்த மூடியைக் கழற்றப் பார்க்கிறாய்.

ஆகவே அலுவலகத்துக்கு வேறு, பயணத்துக்கு வேறு என்று முதலில் பிரித்துக்கொள். பேச்சைத் தடுக்க வேண்டுமானால் காதுத் துளையை நன்றாக அடைக்கும் மெத்தென்ற நுரைத் தக்கை போதும். அதை விரலால் உருட்டி மெலிதாக்கி, உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடித்துக்கொள்ள வேண்டும். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதில் பாட்டு வராது என்பாய். வரவேண்டாம். தக்கை வைக்கப் பிடிக்காவிட்டால் அந்த ஆளிடமே போய், "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று சொல்லிப் பார்க்கலாம். அந்த யோசனை உன் தாள்களில் எங்கும் இல்லை என்பதைக் கவனித்தேன். விமானத்துக்கும் பஸ்ஸுக்கும் இரைச்சல் நீக்கும் கருவி பொருத்தம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நீ சிவப்புக் கோடிட்டு வைத்திருக்கும் மாடல் காதின்மேல் உட்காருகிற வகை. நீ கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பை அது காதோடு சேர்த்து அழுத்தும்; வலி தாங்காமல் கழற்றிவிடுவாய். காதை முழுதும் உள்ளே விட்டு மூடுகிற பெரிய வகையை எடு. அதிலும் காம்பு போகும் இடத்தில் மெத்தை விலகி ஒரு சந்து விழும், அந்தச் சந்து வழியாக எஞ்சின் சத்தம் உள்ளே வரும். மெத்தை மிருதுவாக இருந்தால் சந்து சிறிதாகும். இதை மாட்டிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியாது. எந்தத் தாளும் உன் காதையும் உன் கண்ணாடியையும் பார்த்து எழுதப்பட்டதல்ல. நண்பனிடம் மாடல் பெயரைச் சொல்வதற்கு முன், உன் அலுவலகத்தில் வெளிநாடு போய்வந்தவர்கள் யாரிடமாவது இருப்பதை வாங்கி, கண்ணாடியோடு, ஒரு முழுப் படம் பார்க்கும் நேரமாவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்.

இன்னும் சில இருக்கின்றன. பேட்டரி தீர்ந்ததும் சில மாடல்களில் பாட்டும் சேர்ந்து நின்றுவிடுகிறது. சிலவற்றில் இரைச்சல் நீக்கம் மட்டும் நிற்கிறது, பாட்டு தொடர்கிறது. இரண்டாவதைத் தேடு. சாதாரணப் பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். விமான இருக்கையில் சொருகும் இரட்டை முனைப் பின் கூடவே வருகிறதா என்று கேள். பஸ்ஸில் ஜன்னலைத் திறந்துவைத்து இதை மாட்டினால் காற்று மைக்கில் அடித்து, இல்லாத ஓர் உறுமலை உள்ளே உண்டாக்கும். ஆகவே ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடாதே. இதை மாட்டியதும் சிலருக்கு, மலைமேல் ஏறும்போது காது அடைப்பதுபோல் ஓர் அழுத்தம் தோன்றுகிறதாம். உனக்குத் தோன்றுமா என்பதும் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். மெத்தை உறை ரெக்சினாக இருந்தால் நம் ஊர் வெயிலில் வேர்த்து நாறும். மாற்று உறை கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்கு. நடுரோட்டில் இதை மாட்டிக்கொண்டு நடக்காதே. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இம்புட்டுத்தான். கேட்காத கேள்விக்கு இனி வருகிறேன்.

சனிக்கிழமை காலை பைபாஸில் உன்னை அழைத்துவர ஸ்கூட்டரோடு நின்றிருந்தேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கி, காதில் இயர்போனோடு, என் பக்கம் பார்க்காமலே எதிர்த் திசையில் நடந்தாய். நான் கூப்பிட்டேன். டீக்கடைக்காரரும் கைதட்டிக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் திரும்பி, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க பையன் பாட்டு இங்க வரைக்கும் கேக்குது சார். தம்பி தினம் இப்படி நின்னா நான் ரேடியோவை வித்துப்புடலாம்." எனக்கு அந்தப் பாட்டு கேட்கவில்லை. ஆனால் காதுக்குள் வைத்த ஒரு பொத்தானின் சத்தம் டீக்கடை வரை வருகிறதென்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட எனக்குக் காது தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கேட்டேன். "பஸ்ல ராத்திரி பூரா படம் போடுறான்ப்பா. அவன் சத்தத்துக்கு மேல நான் வச்சாத்தான் எனக்குப் பாட்டு கேக்குது" என்றாய். வாரந்தோறும் இதுதான் நடக்கிறதாம். இறங்கியபின் காதுக்குள் ஞொய் என்று ஒரு சத்தம் இருக்கிறதாம். "அது மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்ப்பா." இதை நீ சாதாரணமாக, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிற வழியில் சொன்னாய்.

அம்மா அப்போது சொன்னதையும் இங்கே எழுதுகிறேன், ஏனெனில் அவள் சொன்னதுதான் சரி. "அவனுக்கு எது சத்தம், எது சத்தமில்லைன்னு எப்படிங்க தெரியும்? நம்ம வீட்டு டிவியைக் கேட்டு வளந்த பய. பக்கத்து வீட்டுக்காரங்க ரொம்ப நாள் டிவியே வாங்கலையே, நம்ம வீட்டுதே போதும்னு." ஆலைக்காரர்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். பேச்சு உரக்க, டிவி உரக்க, பாத்திரம் வைப்பதுகூட உரக்க. மற்றவர்கள் தலைவலி என்று சொல்லும் அளவு உனக்குச் சமாதானமான அளவு. கல்லூரி விடுதியில் உன் அறைத் தோழன் வேறு அறைக்கு மாறிப்போனதற்கு நீ சொன்ன காரணம் எனக்கு நினைவிருக்கிறது: அவன் சிடுமூஞ்சியாம். ஆகவே உன்னைப் போன்றவன் சத்தத்தைக் காதால் அளந்து வைக்கக் கூடாது. கருவியில் உள்ள அளவுக்கோட்டைக் கண்ணால் பார்த்து, பாதிக்குக் கீழே நிறுத்து. அந்த அளவில் பாட்டு கேட்கவில்லையென்றால் பாட்டை நிறுத்து. இரைச்சல் நீக்கும் கருவியால் உனக்கு உண்மையில் ஒரே ஒரு நன்மைதான் உண்டு: எஞ்சின் சத்தம் குறைவதால் பாட்டையும் குறைவாக வைக்கலாம். குறைவாக வைக்க மாட்டாயென்றால் அந்தக் கருவி உனக்கு வேண்டாம். படத்தின் வசனத்தை அது நிறுத்தாது. நீ பழையபடி அதற்கு மேல் ஏற்றுவாய், விலையுயர்ந்த கருவியில் ஏற்றுவாய், வேறுபாடு அவ்வளவுதான்.

எங்கள் ஷெட்டில் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். கைநீட்டினால் பஞ்சு, அதை விட்டு வேறு எதைத் தேடுவோம்? வைத்ததும் சத்தம் கொஞ்சம் மங்கியதுபோல் இருக்கும். காப்பாற்றிக்கொண்டோம் என்ற நிம்மதியோடு முழு ஷிப்டும் நிற்போம். பஞ்சு அந்தச் சத்தத்துக்கு முன் ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கும் முதலில் ஞொய் என்ற சத்தம்தான் வந்தது. அதுவும் மத்தியானத்துக்குள் சரியாயிற்று. பிறகு சாயங்காலத்துக்குள் சரியாயிற்று. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சரியாயிற்று. இப்போது அது என்னோடு உறங்கி என்னோடு எழுந்திருக்கிறது. காதுக்குள் செத்துப்போன உயிரணு திரும்ப முளைப்பதில்லை. நான் மாட்டியிருக்கும் கருவி இருப்பதைப் பெரிதாக்கும், இல்லாததைக் கொண்டுவராது. கரண்டி விழுந்தால் எனக்கு இடி விழுகிறது. உன் அம்மா பேசுவது மட்டும் இன்னும் குழைந்த சோறு மாதிரி வருகிறது.

அன்று நீ குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் உன் எதிரில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் சொன்னேன்: "அமலி வாசல்ல வந்து நிக்குது." அடுக்களையில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது. அடுப்பைத் தணித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நீ இட்லியைச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்தாய்.

"எங்கங்க? வாசல்ல ஒருத்தரையும் காணோமே" என்று அவள் திரும்பி வந்தாள்.

"வரலை. சும்மா சொல்லிப் பார்த்தேன்."

"எதுக்கு?"

"இவனுக்குக் கேக்குதான்னு."

அப்போதுதான் நீ நிமிர்ந்து, "என்னம்மா ஆச்சு, யாரைத் தேடுறீங்க?" என்றாய். அம்மா உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல இனி எனக்கு ஒரு மைக் செட் வாங்கிக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் சிரித்ததாக நீ நினைத்திருப்பாய். உள்ளே போய் வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை.

செய்தித்தாளைத் தாழ்த்தி, நேருக்கு நேராக அதைவிடத் தணிந்த குரலில் உன்னிடம் பேசினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொன்னாய். உன் கண் என் வாயில் இருந்தது. ஆலைக்காரர்கள் பேச்சைக் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்துப் படிப்பார்கள். ஷெட்டில் அது இல்லாமல் வேலை நடக்காது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அம்மா கற்றுக்கொண்டாள், நீ தமிழ் எழுத்தைக் கற்பதற்கு முன்பே அதைக் கற்றாய். கோவிலில் பூசை நடக்கும்போது நீயும் அவளும் சத்தமில்லாமல் வாயசைத்து முழு வம்பும் பேசுவீர்கள். இப்போது அந்தத் திறமை உன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. கண்ணால் படிப்பதைக் காதால் கேட்டதாக நீ எண்ணிக்கொள்கிறாய். வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இதற்குள் அவனே தன் காதைச் சந்தேகப்பட்டிருப்பான்.

இதை அப்படியே உன்னிடம் சொன்னேன். சோதனை செய்துகொள் என்றேன். அது ஒரு பஸ் இரவின் மந்தமாக இருக்கலாம், இரண்டு நாளில் விலகிவிடலாம், அப்படியும் நடக்கும். நிலைத்துவிட்டதாகவும் இருக்கலாம். சோதித்தால் தெரியும். அதற்கு நீ சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தின் காரணம். "உங்களுக்கு எல்லாமே மில்லுதான்ப்பா. நல்ல ஹெட்ஃபோன் வாங்கிட்டா பிரச்சினை முடிஞ்சுது" என்றாய். பிறகு குரலைத் தணித்து, "அடுத்த ஞாயித்துக்கிழமைல இருந்து ஓலை வாசிக்கப் போறாங்க. இப்பப் போய் டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு கிளப்பாதீங்க. அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றாய்.

ஓலை வாசிப்பதன் பொருள் உனக்கு மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு கோவிலில் சொல்லி, இத்திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் அறிவிப்பார். காது மந்தம் திருச்சபைக்குத் தடை இல்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாசகத்தை மூன்று ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்து, மறைக்கிறவனின் தகப்பனாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அரைகுறைக் காதோடு கேட்டாலும் ஆகாது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கையெழுத்துப் போட்டபின் அவளுக்குச் செய்தி சொல்வது நியாயம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் காது மோசமாகத் தொடங்கிய வாரமே உன் அம்மாவிடம் சொன்னேன். அவளும் அன்று முதல் என் முகத்துக்கு நேராக நின்று பேசப் பழகிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை செம்பட்டிக்குப் போனேன். உன்னைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு அமலி வந்திருந்தது. அவள் அம்மாவும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சம்பந்தியம்மா பதறினார்கள். "என்னங்கய்யா சொல்றீங்க, மாப்பிள்ளைக்குக் காது கேக்காதா? நாங்க நாலு தரம் பேசியிருக்கோமே, டக்கு டக்குன்னு பதில் சொல்வாரே." முழுதும் கேட்காது என்று நான் சொல்லவில்லை, குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவன் பார்க்க மறுக்கிறான், அதனால் வந்தேன் என்றேன். அமலி, "அதுதானா மாமா?" என்றாள்.

தொலைபேசியில் எதைச் சொன்னாலும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறதாம். சில சமயம் சொன்னதற்குச் சம்பந்தமில்லாமல் நீ 'சரி, சரி' என்பாயாம். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே தன்னோடு அரை மனதாகப் பேசுகிறாய் என்று அவள் எண்ணியிருக்கிறாள். இதற்காக ஒரு மாதமாக உன்னோடு சண்டையாம். நேரில் வந்தால் மட்டும் அந்தக் குறை தெரியாதாம். "நேர்ல பேசுறப்ப முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டாரு மாமா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, என் முன்னால் சொல்லிவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டாள். உன் கண் அவள் முகத்தில் எதைத் தேடியது என்று எனக்குத் தெரியும். அவளும் அந்த நொடியில் தெரிந்துகொண்டாள். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். உனக்காக அன்று நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

அவள் அம்மா, "இப்ப என்ன செய்யுறது அமலி?" என்று கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். நான் படிப்பதற்கு வசதியாக, சொற்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "காது கேக்காத ஆளோட இருந்துக்கலாம் மாமா. அத்தை இருக்காங்கல்ல. கேக்காமலே கேட்ட மாதிரி 'சரி, சரி'ங்கிற ஆளோட எப்படி இருக்கிறது? நான் எதைச் சொன்னேன், அவரு எதுக்குச் சரின்னாருன்னு எனக்குத் தெரியாமலே போயிரும்ல."

இதற்குமேல் நான் எழுத வேண்டியது அதிகம் இல்லை. வருகிற சனிக்கிழமை திண்டுக்கல்லில் காது மருத்துவரிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை முழுதும் காதில் எதையும் மாட்டாதே. களைத்த காதைச் சோதித்தால் முடிவு பொய்யாகும். பஸ்ஸில் வராதே, ரயிலில் வா. நண்பனிடம் ஹெட்ஃபோனைச் சோதனை முடியும் வரை வாங்க வேண்டாம் என்று சொல். இரண்டு காதும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று தெரியாமல் எந்த மாடலையும் தேர்வது, கண்ணைச் சோதிக்காமல் கண்ணாடி வாங்குவது போன்றது. அவன் அதற்குள் கிளம்பிவிட்டால் கிளம்பட்டும். ஹெட்ஃபோன் பிறகும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிக்கலாமா, தள்ளிவைக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் சொல்லும் பொறுப்பை நான் அமலியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ சனிக்கிழமை வருகிறாயா என்பதைப் பார்த்து அவள் சொல்வாள். அவள் என்ன சொன்னாலும் நான் அவள் பக்கம் நிற்பேன்.

மருத்துவமனைக்கு நானும் அம்மாவும் வரவில்லை. அமலி வருகிறாள். சோதனை அறைக்குள் போவதற்கு முன் தானே ஒன்று செய்து பார்க்கப்போவதாகச் சொன்னாள்: நீ உட்கார்ந்திருக்கும்போது பின்னால் நின்று, மெதுவாக உன்னைக் கூப்பிடுவாளாம். கேட்டால் திரும்பு. கேட்காவிட்டால் அப்படியே உட்கார்ந்திரு. அவள் சுற்றிக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்பாள், அதை என்னிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறாள். அங்கே இருக்கிற மற்றவர்களின் முகத்தைப் பார்த்து, கேட்டது போல மட்டும் திரும்பிவிடாதே.

உன் அப்பா
திண்டுக்கல்